அக்டோபரில் நடப்போம்

அக்டோபர் பிறந்துவிட்டால் நம் சபையில் அறிவிப்புகளின் தொனி மாறிவிடும். ஹாலோவீன் உடை போடவேண்டாம். தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து கதவு தட்டி மிட்டாய் கேட்கப் போகவேண்டாம். வீட்டுக்கு வந்தால் அம்மாவின் பட்டியல் ஆரம்பிக்கும்: பனி இறங்குது, வெளியே போகாதே, தலையை நனைக்காதே, இருட்டில் சுற்றாதே. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கும் இதே கதைதான். படி வழுக்கும், இறங்காதீங்க; குளிரும், உள்ளேயே இருங்க.

இந்த "வேண்டாம்"களில் பலவற்றோடு எனக்குச் சண்டையில்லை. ஹாலோவீன் விஷயத்தில் சபை சொல்வதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு மாதம் முழுக்க "வேண்டாம்" மட்டுமே கேட்கிற பதினைந்து வயதுப் பிள்ளை, "அப்போ என்னதான் செய்றது?" என்று கேட்டால் நம்மிடம் ஒரு பதில் இருக்கவேண்டும். இப்போது நாம் கொடுக்கும் பதில் டியூஷன், போன், டிவி. ஹாலோவீன் இரவில் மட்டும் ஹாலில் ஒரு விசேஷ கூட்டம். இது போதாது.

என் பதில் எளிமையானது. நடப்போம். அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி நவம்பர் கடைசி ஞாயிறு வரை, ஆராதனைக்கு முன்னால் ஒரு மணி நேரம், வாலிபரும் பெரியவர்களும் சேர்ந்து ஆற்றங்கரையில் நடப்போம். இதை வாலிபர் ஐக்கியத்தின் வேலையாகவே எடுத்துச் செய்யவேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நம் கண் முன்னால் இருக்கும் ஊர்

நான் ஷ்ரூஸ்பரியை வைத்தே எழுதுகிறேன். நம் குடும்பங்களில் சிலர் இங்கேயே இருக்கிறார்கள். டெல்ஃபோர்டு, ஆஸ்வெஸ்ட்ரி பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பழகிய ஊர். பெயரை ஷ்ரூஸ்பரி என்பதா, ஷ்ரோஸ்பரி என்பதா என்று ஊர்க்காரர்களுக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லை. ஆகவே நாம் எப்படிச் சொன்னாலும் பாதிப்பேர் நம் பக்கம்.

இந்த ஊரை ஆறுதான் உண்டாக்கியது. வேல்ஸ் மலைகளில் பிறந்து சுமார் 354 கிலோமீட்டர் ஓடும் செவர்ன், பிரிட்டனின் மிக நீளமான ஆறு. ஷ்ரூஸ்பரிக்கு வந்ததும் குதிரை லாடம் போல வளைந்து, பழைய ஊரை ஏறக்குறைய முழுவதும் சுற்றிக்கொள்கிறது. வெல்ஷ் பிரிட்ஜில் ஆற்றங்கரைக்கு இறங்கி, ஆற்றோடே குவாரி பூங்கா வழியாக நடந்தால், போர்ட்ஹில் தொங்கு பாலத்தையும் கிங்ஸ்லாந்து பாலத்தையும் தாண்டி இங்கிலிஷ் பிரிட்ஜுக்கு வந்து சேரலாம். பெரும்பாலும் சமதரையான பாதை. பாட்டிமாரின் முழங்கால் தாங்கும். அவர்கள் வேகத்துக்கே நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அக்டோபரில் குவாரி பூங்காவைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்கவேண்டும். ஆற்றை ஒட்டி வரிசையாக நிற்கும் மரங்களுக்கு இங்கே லைம் என்று பெயர். நம்முடைய எலுமிச்சைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இங்கே முதலில் மரங்களை நட்டது 1719ல். அவை முதுமையடைந்த பிறகு, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பெர்சி த்ரோவர் என்ற தோட்டக்காரரின் பொறுப்பில் புதிய மரங்கள் நடப்பட்டன. 1946 முதல் 1974 வரை ஊரின் பூங்காக்களைக் கவனித்தவர் அவர். டெலிவிஷனில் நாடே அறிந்த தோட்டக்காரராகவும் ஆனார். இன்று நாம் நடக்கும் நிழல், தாங்கள் முழுதாக அனுபவிக்க முடியாது என்று தெரிந்தே மரம் நட்டவர்கள் விட்டுப்போனது.

இலை ஏன் மஞ்சளாகிறது என்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள். பகல் குறையக் குறைய மரம் இலையிலுள்ள பச்சையத்தைப் பிரித்து, அதிலுள்ள சத்தைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் மஞ்சள் தெரிகிறது. அந்த மஞ்சள் புதிதாக வந்ததல்ல. கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருந்ததுதான். சில மரங்களில் தெரியும் சிவப்பு மட்டும் இலையுதிர் காலத்தில் புதிதாக உண்டாவது. பிறகு காம்பின் அடியில் ஒரு மெல்லிய தடுப்பு உருவாகி, காயத்தை மூடிவிட்டுத்தான் மரம் இலையை விடுகிறது. இன்னொன்றையும் காட்டுங்கள். இலை உதிர்ந்த இடத்துக்குச் சற்று மேலே ஒரு சிறு மொட்டு இருக்கும். அது அடுத்த வசந்தத்துக்கானது. இலை விழுவதற்கு முன்பே அது அங்கே தயாராக இருக்கிறது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இதைவிட நல்ல பாடத்தைப் படத்தில் காட்ட முடியாது.

பூங்காவுக்கு மேலே வட்ட வடிவில் நிற்பது செயின்ட் சாட்ஸ் ஆலயம். பழைய ஆலயம் 1788ல் இடிந்து விழுந்த பிறகு, 1792ல் கட்டி முடித்தது. ஆலய வளாகத்தில் எபனேசர் ஸ்க்ரூஜ் என்று பொறித்த ஒரு கல்லறைக் கல் கிடக்கிறது. டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையை 1984ல் இந்த ஊரில் படமாக எடுத்தபோது வைத்த கல் அது. கதையில் வருகிற கஞ்சனின் "கல்லறை"யைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால், நடக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஏழு வயதுப் பிள்ளைகூட ஓடும்.

அதே ஆலயத்தில்தான் 1809ல் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பெயர் சார்லஸ் டார்வின். அவர் படித்த பள்ளிக் கட்டடம் இன்று ஊர் நூலகம். வாசலில் அவருடைய சிலை உட்கார்ந்திருக்கிறது. ஏ-லெவலில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு டார்வினைப் பற்றிக் கேள்விகள் இருக்கின்றன. அவற்றை வேதபாடத்தில் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேட்காத கேள்வி மறைந்துபோவதில்லை. பல்கலைக்கழகத்துக்கு அவர்களோடு பெட்டியில் போகிறது. அங்கே அதற்குப் பதில் சொல்ல நாம் இருக்கமாட்டோம். சிலைக்கு முன்னால் நின்று, "நீ என்னப்பா நினைக்கிறே?" என்று ஒரு மாமா கேட்டால் அந்தப் பேச்சு தொடங்கும்.

சதுக்கத்தில் நிற்கும் மனிதர்

இங்கிலிஷ் பிரிட்ஜுக்குப் போவதற்குள் ஒருநாள் மட்டும் பாதையை விட்டு மேடேறி, ஊர் நடுவிலிருக்கும் சதுக்கத்துக்குப் போகலாம். அங்கே ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. கடைக்குப் போகும் அவசரத்தில் நம்மில் எத்தனைபேர் அது யாரென்று பார்த்திருப்போம்? அவர் ராபர்ட் கிளைவ். இந்த மாவட்டத்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். 1751ல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்துப் பேர் வாங்கியவர். 1753ல் அவர் திருமணம் நடந்தது சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தில். இன்றும் ஆராதனை நடக்கும் ஆலயம் அது. நம்மில் சிலர் அங்கே போயும் இருப்பார்கள். பிளாசிப் போருக்குப் பிறகு வங்காளத்தில் அவர் குவித்த செல்வத்தைப் பற்றி அவர் காலத்து நாடாளுமன்றமே விசாரித்தது. இந்த ஊர் அவரை மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆக்கியது. 2020ல் சிலையை எடுத்துவிடவேண்டும் என்று மனுக்கள் கிளம்பின. கவுன்சில் வைத்துக்கொள்ள முடிவு செய்தது.

சிலை இருக்கலாமா கூடாதா என்பதில் நம் வீடுகளுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கும். இருக்கட்டும். நான் கேட்பது வேறு. ஆற்காட்டையும் கோட்டையையும் பார்த்து வளர்ந்த தாத்தா ஒருவரும், இந்த ஊர்ப் பள்ளியில் வரலாறு படிக்கிற பேத்தியும் அந்தச் சிலைக்குக் கீழே நின்று பேசவேண்டாமா? "நீங்க எங்கிருந்து வந்தீங்க?" என்று பள்ளியில் யாராவது கேட்டால் நம் பிள்ளைகள் கொஞ்சம் கூனிக்குறுகிப் பதில் சொல்கிறார்கள். இந்த ஊருக்கும் நம் ஊருக்கும் இருக்கிற உறவு நம் விசாவோடு தொடங்கியதல்ல. அதற்கு இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் வயது. அது நல்லதும் கெட்டதும் கலந்த உறவு. தெரிந்த பிள்ளை நிமிர்ந்து பதில் சொல்லும்.

ஆறு நிரம்பும் மாதங்கள்

அக்டோபர், நவம்பரில் செவர்ன் எப்போது வேண்டுமானாலும் பொங்கும். வேல்ஸ் மலையில் கொட்டிய மழை இங்கே வந்து சேர நேரமாகும். ஆகவே இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறிக்கொண்டிருக்கும். 2000ம் வருட இலையுதிர் காலத்தில் ஊருக்குள் அடுத்தடுத்து வெள்ளம் வந்தது. அதற்குப் பிறகுதான் வெல்ஷ் பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் ஃப்ராங்க்வெல்லில் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள்.

மலையில் பெய்தால் ஊரில் வெள்ளம் என்பது நமக்குப் புதிதா? தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டாம். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் அந்த ஆறு ஓடுவதைப் போலத்தான் இங்கே ஊரைச் சுற்றி இது ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே ஆறு நிரம்பும் அதே மாதங்களில் இங்கேயும் நிரம்புகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்போது லைன் கிடைக்காமல் போனைக் காதில் வைத்தபடி இங்கே உட்கார்ந்திருந்த குடும்பங்கள் நம் சபையில் உண்டு. பெரிய ஆறென்று ஒன்றில்லாத யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு மாரி மழையும் நிரம்பி வழியும் குளமும் கிணறும் நினைவுக்கு வரும். செவர்ன் கரையில் நின்று கலங்கல் தண்ணீரைப் பார்க்கிற பெரியவர் ஒருவர் வாய் திறக்காமல் இருக்கமாட்டார். வீட்டு சோபாவில் அந்தக் கதை வராது.

இங்கிலிஷ் பிரிட்ஜையும் தாண்டி ஆற்றோடு போனால் தடுப்பணை ஒன்று வரும். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும், மழை பெய்து தண்ணீர் ஏறியிருக்கும் நாட்களில், அங்கே கொஞ்சம் பொறுமையாக நின்றால் சால்மன் மீன் துள்ளுவதைப் பார்க்கலாம். கடலில் வளர்ந்த மீன், முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஓடையைத் தேடி ஆற்றை எதிர்த்து ஏறுகிறது. முதல் துள்ளலில் அணையைத் தாண்டுவது அபூர்வம். விழும், மறுபடி துள்ளும். "எனக்கும் ஊருக்குப் போகணும்" என்று எந்தத் தாத்தாவாவது அங்கே நின்று சொன்னால், "சும்மா இருங்க தாத்தா" என்று சொல்லாதீர்கள். எந்த ஊர், எந்தத் தெரு, வீட்டு வாசலில் என்ன மரம் என்று கேளுங்கள்.

நவம்பரின் மணியோசை

இங்கிலிஷ் பிரிட்ஜின் அந்தப் பக்கம் இருப்பது 1083ல் நிறுவப்பட்ட ஆபி. அதன் வளாகத்தில் வில்ஃப்ரெட் ஓவனுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போரின் கொடுமையை எழுதிய கவிஞர். ஜிசிஎஸ்இயில் அவரைப் படிக்காத பிள்ளை குறைவு. அவர் குடும்பம் இந்த ஊரில்தான் இருந்தது. தகப்பனார் ரயில்வேக்காரர், இளமையில் இந்தியாவில் வேலை பார்த்தவர். மங்க்மோர் ரோட்டில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் பெயர் மாஹிம், பம்பாயின் மாஹிம்தான். விட்டு வந்த இடத்தின் பெயரை வீட்டு வாசலில் எழுதுகிற பழக்கம் நமக்கு மட்டும் உள்ளதல்ல.

ஓவன் 1918 நவம்பர் 4ம் தேதி, இருபத்தைந்து வயதில், பிரான்சில் கொல்லப்பட்டார். ஒரு வாரம் கழித்து 11ம் தேதி போர் முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஷ்ரூஸ்பரியில் ஆலய மணிகள் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் மகன் இறந்த தந்தி பெற்றோர் கைக்கு வந்தது. ஊரே மகிழ்ந்திருக்கும்போது ஒரு வீட்டில் மட்டும் அழுகை. சட்டையில் பாப்பி குத்திக்கொள்வதற்கு முன் நம் பிள்ளைகள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கட்டும்.

பெரியவர்களுக்கும் அந்த நிமிடம் தேவை. ஊரில் நம்மில் பலர் நவம்பர் 2ல் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். புல்லைச் செதுக்கி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். இங்கே போவதற்கு நமக்குக் கல்லறை இல்லை. தகப்பனார் அடக்கத்தை வீடியோ காலில் பார்த்தவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த வாரமே வேலைக்குப் போனார்கள். நாமும் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுவிட்டுத் தேநீரை வாங்கிக்கொண்டோம். இலை உதிரும் பாதையில் அவர்களோடு பக்கத்தில் நடந்தால், நாம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவர்களே பேசுவார்கள்.

நடக்கும்போது வரும் பேச்சு

இதுதான் என் வாதத்தின் மையம். எதிரெதிரே உட்கார்ந்தால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும். அப்பா கேள்வி கேட்பார், பையன் "ம்" என்பான். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது கண்ணைப் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை; இடையில் மௌனம் வந்தாலும் சங்கடமில்லை. சொல்லத் தயங்குகிற விஷயம் அப்போதுதான் வெளியே வரும்.

லூக்கா 24ல் எம்மாவுக்குப் போன இரண்டு சீஷர்களை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஏழு மைல் நடை. மனம் உடைந்து, எருசலேமை விட்டுப் போய்க்கொண்டிருந்தவர்கள். ஆண்டவர் அவர்களைத் தடுத்து நிறுத்திப் பிரசங்கம் பண்ணவில்லை. கூடவே நடந்தார். என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை விட்டார். அதற்குப் பிறகுதான் வேதவாக்கியங்களை விளக்கினார். அவர்கள் அவரை அறிந்துகொண்டது கடைசியில், சாப்பாட்டு மேசையில். இந்த வரிசையை நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் விளக்கம், பிறகு சாப்பாடு; கேள்வியும் இல்லை, நடையும் இல்லை. "நம்ம பிள்ளைங்க பதினெட்டு வயசுக்குப் பிறகு சபைக்கு வருவதில்லையே" என்று கமிட்டியில் வருத்தப்படுகிறோம். அவர்கள் எருசலேமை விட்டுப் போகும் வழியில் கூட நடந்தது யார் என்று நம்மை நாமே கேட்கவேண்டும்.

நர்ஸாக ஒரு வார்த்தை

உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். அது என் தொழில்.

தெற்காசியர்களுக்குச் சர்க்கரை நோய் மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே வருகிறது. அதனால்தான் நமக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே கவனம் தேவை என்று இந்த நாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடம், மூச்சு சற்று வாங்குகிற அளவுக்கு உடலுழைப்பு வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறையும்.

ஊரிலிருந்து வரும் பெற்றோர் விஷயம் இன்னும் அவசரம். அங்கே காலையில் பால் வாங்க, மார்க்கெட்டுக்கு, ஆலயத்துக்கு என்று தினமும் நடந்தவர்கள். இங்கே செப்டம்பரில் வந்து இறங்கி, அக்டோபரிலிருந்து ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். உபயோகிக்காத தசை வயதானவர்களுக்கு வேகமாகக் குறையும். வார்டில் நாங்கள் நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி, நாற்காலியில் உட்காரவைத்து, நடக்கவைக்க இவ்வளவு பாடுபடுவது அதற்காகத்தான். காலில் பலம் குறைந்தால் விழுவார்கள். விழுந்துவிடுவார்களோ என்ற பயத்தில் உட்காரவைப்பதே அவர்கள் விழுவதற்குக் காரணமாகிவிடக்கூடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரிலிருந்து மார்ச் ஆரம்பம் வரை இந்த நாட்டு வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது. நடந்தால் கிடைத்துவிடும் என்று நினைக்கவேண்டாம். தினமும் 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுக்கும்படி ஆலோசனை இருக்கிறது. நம்மைப் போன்ற கருத்த தோலுக்கு வருடம் முழுக்க. ஆனால் பகல் வெளிச்சம் கண்ணில் படுவது தூக்கத்துக்கும் மனத்துக்கும் நல்லது. இரவுப் பணி முடித்து, திரைச்சீலை மூடித் தூங்கி, இருட்டிய பிறகு எழுகிறவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று நம் சபையில் பாதிப்பேருக்குத் தெரியும்.

"குளிரில் போனால் சளி பிடிக்கும்" என்கிறார்கள். சளியை உண்டாக்குவது வைரஸ். ஜன்னலை மூடிக்கொண்டு முப்பதுபேர் ஒரே அறையில் இருக்கும்போது அது சுலபமாகப் பரவும். ஆற்றங்கரைக் காற்றில் அந்த ஆபத்து குறைவு.

தடைகள்

நேரமில்லை என்பார்கள். ஷிப்ட், டியூஷன், சமையல் எல்லாம் எனக்கும் தெரியும். ஒவ்வொரு வாரமும் எல்லோரும் வரவேண்டியதில்லை. அந்த வாரம் லீவில் இருப்பவர்கள் வரட்டும். பிள்ளைகளின் டியூஷன் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் மதிப்பெண் சரிந்துவிடாது.

ஓய்வுநாளில் உலாவப் போவதா என்று கேட்கிறவர்களும் உண்டு. ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் கவனிக்கச் சொன்னவர் நம் ஆண்டவர்தானே? அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரையும் பூசணிக்காயையும் ஆலயத்துக்குள் கொண்டுவந்து ஏலம் விட்டு மகிழ்ந்த நாம், அவை விளைகிற வெளியைப் பார்க்கத் தயங்கவேண்டியதில்லை.

வெளியே சொல்லாத ஒரு தடையும் இருக்கிறது. இருபதுபேர் சேலையும் கோட்டுமாக ஆற்றங்கரையில் தமிழில் பேசிக்கொண்டு போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? இந்தக் கூச்சம் சும்மா வந்ததல்ல. சிலருக்குக் கசப்பான அனுபவங்களும் உண்டு. அதனால்தான் தனியாகப் போகாமல் சேர்ந்து போகலாம் என்கிறேன். நான்கு வாரம் தொடர்ந்து போனால், நாயை நடத்திக்கொண்டு வருகிறவர் ஐந்தாவது வாரம் "மார்னிங்" என்பார். ஊரில் நடக்காதவர்களுக்கு அது வேலை பார்க்கும் இடமாக மட்டுமே இருக்கும். நடந்தால்தான் அது நாம் வாழும் ஊர் ஆகும்.

எப்படிச் செய்வது

நம் ஆராதனை பிற்பகலில். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்த பிறகு, ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நவம்பர் கடைசியில் நான்கு மணிக்கே. ஆகவே ஆராதனைக்குப் பிறகு என்று வைத்தால் நடக்காது. முன்பே வைக்கவேண்டும். மதியம் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு வெல்ஷ் பிரிட்ஜில் கூடலாம்.

ஒரு வாலிபருக்கு ஒரு பெரியவர் என்று ஜோடி சேருங்கள். சொந்தத் தாத்தா பாட்டியாக இருக்கவேண்டாம். மற்றவர் வீட்டுத் தாத்தாவிடம்தான் பிள்ளைகள் மரியாதையாகப் பேசுவார்கள். போன் பையில் இருக்கட்டும். ஈரமான இலை எண்ணெய் போல வழுக்கும். செருப்பும் தேய்ந்த ஷூவும் வேண்டாம், பிடிப்புள்ள ஷூ வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் பையில் இனிப்பு வைத்திருக்கவேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் முதலில் ஜிபியிடம் கேளுங்கள். தரையில் கிடக்கும் பளபளப்பான காங்கர் கொட்டை விளையாடத்தான், தின்பதற்கு அல்ல. ஆலய வளாகங்களில் இருக்கும் யூ மரத்தின் சிவப்புப் பழத்தைத் தொடவிடாதீர்கள், விதை விஷம். ஆறு ஏறியிருந்தால் கீழ்ப் பாதை மூழ்கியிருக்கும். தண்ணீருக்குள் காலை விட்டுப் பார்க்கவேண்டாம். அன்று மேலே ஊருக்குள் நடக்கலாம்.

தூரத்தில் இருப்பவர்களுக்கு உங்கள் ஊர் ஆறு போதும். அயர்ன்பிரிட்ஜ், பிரிட்ஜ்நார்த், பியூட்லி, வூஸ்டர் எல்லாம் இதே செவர்ன் கரையில் இருக்கிற ஊர்கள்தான். கால்வாய் மட்டும் இருந்தாலும் சரி.

வாலிபர் ஐக்கியத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை எழுதிக்கொடுங்கள். எட்டு அல்லது ஒன்பது ஞாயிறுகள், ஞாயிறுக்கு ஒரு மணி நேரம். செலவு ஒன்றுமில்லை, ஹால் வாடகை இல்லை. கமிட்டி யோசிக்கட்டும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். வருகிற ஞாயிறு ஒரு பெரியவரின் கோட்டை எடுத்துக் கொடுத்து, "வாங்க, ஆத்துப் பக்கம் போயிட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள்.